முறிந்த காலும் இடாப்பில் இல்லாத பெயரும்



வகுப்பறையில் காலையில் நான் செய்யும் முதல் வேலை இடாப்புக் கூப்பிடுவது. இந்தத் தவணையில் ஆறாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி தொடர்ந்து இரண்டு கிழமை வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் கிழமை பின்னேரம் வீடு தேடிப் போனேன். தகப்பன் திண்ணையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். முழங்காலிலிருந்து விரல் வரை மாக்கட்டு. தாயும் பிள்ளையும் தோப்பில் தேங்காய் பொறுக்கப் போயிருந்தார்கள். உழைக்கும் கை ஒன்று விழுந்தால் அதன் இடத்தைப் பன்னிரண்டு வயதுக் கை நிரப்ப வேண்டியிருக்கிறது.

அவர் தேங்காய் பறிப்பவர். இருபத்தைந்து வருடமாக மரம் ஏறுகிறார். "எந்த மரத்தாலை விழுந்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ரீச்சர், மரம் ஒருநாளும் என்னைக் கைவிடேல்லை. நான் நிலத்திலைதான் விழுந்தனான்" என்றார்.

அன்று விடியற்காலையிலிருந்து மாலை மங்கும் வரை ஏறியிருக்கிறார். கடைசி மரத்தால் இறங்கித் தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியை நோக்கி நடந்திருக்கிறார். வழியில் பொச்சுக் கிடங்கு ஒன்று அரைகுறையாக மூடப்பட்டுக் கிடந்தது. அதன்மேல் காய்ந்த ஓலை விழுந்திருந்தது. வலது கால் உள்ளே போனது, உடம்பு மறுபக்கம் திரும்பியது. முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்கிறார்.

அதற்குப் பிறகு நடந்தது இதைவிடப் பெரிய முறிவு. பறிப்புக் குழுவைக் கூட்டிவந்த குத்தகைக்காரர், "தோட்டத்திலை போய்க் கேள்" என்றார். தோட்டத்தில், "எங்கடை இடாப்பிலை இந்தப் பெயர் இல்லை" என்றார்கள். மகளின் பெயர் என் இடாப்பில் இருக்கிறது. அவள் இரண்டு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வருடம் உழைத்த தகப்பனின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

கணைக்கால் எலும்பு ஏன் முறிகிறது என்று இந்த இதழில் எழுதக் காரணம் இதுதான். "விதி", "கண்ணூறு", "கெட்ட நேரம்" என்று சொல்லி நாங்கள் கடந்து போகும் ஒவ்வொரு முறிவுக்கும் காரணங்கள் உண்டு. சில எங்கள் கையில் இருக்கின்றன, பல தோட்டத்தின் கையில் இருக்கின்றன. எது யாருடைய பொறுப்பு என்று பிரித்துப் பார்க்கப் பழகினால்தான் எதைத் திருத்துவது, எதைக் கேட்டுப் பெறுவது என்று தெரியும்.

எலும்பின் கதை

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்பக்கம் இருக்கும் பெரிய எலும்புதான் உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்பக்கம் இருப்பது மெல்லியது. உங்கள் காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்குக் கீழே உடனே எலும்பு தட்டுப்படும். பின்பக்கத்தில் கெண்டைச் சதை இருக்கிறது, முன்பக்கத்தில் அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. இதனால் இந்த எலும்பு முறியும்போது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது மற்ற எலும்புகளை விட அதிகம். மண்ணும் சாணமும் உள்ள தோட்டத்தில் அப்படி ஒரு காயம் வந்தால் கிருமி எலும்புக்குள்ளேயே போய்விடும். நீளமான எலும்புகளில் அதிகம் முறிவதும் இதுதான்.

இது பொதுவாக மூன்று விதமாக முறியும். முதலாவது நேரடி அடி: மோட்டார் சைக்கிள் விபத்து, மேலிருந்து விழும் குலை, கவிழும் பெட்டி. இரண்டாவது உயரத்திலிருந்து காலூன்றி விழுவது. அந்த அதிர்ச்சி குதிக்காலில் தொடங்கி கணைக்கால், முழங்கால் வழியாக முதுகெலும்பு வரை ஏறும். ஆகையால் மரத்தால் விழுந்தவருக்குக் கால் மட்டும்தான் முறிந்தது என்று எண்ணித் தூக்கி இருத்தக் கூடாது. முதுகும் முறிந்திருக்கலாம். மூன்றாவது முறுக்கு: பாதம் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ள உடம்பு திரும்பினால் எலும்பு திருகுபோலச் சுற்றி முறியும். எங்கள் தோழருக்கு நடந்தது இதுதான். இதற்குப் பெரிய உயரம் தேவையில்லை, ஒரு கிடங்கு போதும்.

தோட்டத்தின் பங்கு

பளை, முகமாலை, எழுதுமட்டுவாள், மிருசுவில் பக்கத்துத் தென்னந்தோட்டங்களை அறிந்தவர்களுக்கு நிலம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மணல் நிலம், பசளைக் கிடங்கு, பொச்சுக் கிடங்கு, பழைய பாத்தி, பற்றை. போர்க்காலத்துப் பதுங்குகுழியும் மண் அணையும் இன்னும் தூராமல் இருக்கும் இடங்களும் உண்டு. பொச்சைப் புதைப்பது தென்னைக்கு நல்லது, நிலத்தில் ஈரம் நிற்கும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் வெட்டிய கிடங்கை அன்றே மூடுவதும், மூட முடியாவிட்டால் நான்கு தடி நட்டு ஒரு துணி கட்டுவதும் தோட்டத்தின் வேலை. அதற்கு ஆகும் செலவு ஒரு மாக்கட்டின் செலவைவிடக் குறைவு.

அடுத்தது நேரமும் கூலியும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி தரும்போது, களைத்த கால் ஓய்வு கேட்டாலும் வயிறு விடாது. ஐம்பதாவது மரத்தில் ஏறுபவரின் கால் முதல் மரத்தில் ஏறிய கால் அல்ல. தசை களைத்தால் பாரம் முழுவதும் எலும்பில் இறங்கும், கால் வைக்கும் இடமும் பிசகும். விழுவது ஒருவர்தான். ஆனால் அந்த அவசரத்தைக் கூலிமுறையே உண்டாக்கியது. ஒரு நாளைக்கு இத்தனை மரத்துக்கு மேல் இல்லை, நடுப்பகலில் ஓய்வு, இருட்டிய பின் பறிப்பு இல்லை என்ற எல்லை வேண்டும். ஓய்வு எடுத்த நேரத்துக்குக் கூலி குறையாத அளவுக்கு மரக்கூலியும் உயர வேண்டும். கூலி உயராமல் எல்லை மட்டும் வந்தால் அது எங்கள் சட்டியில்தான் கைவைக்கும்.

மழைக்காலம் தனிக்கதை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் மரம் பாசி பிடித்து வழுக்கும். நனைந்த தளைநாரும் பிடி தராது. மழை பெய்த அன்றும் மரம் உலரும் வரையும் ஏறச் சொல்லக் கூடாது. எட்டும் மரங்களுக்குக் கொக்கத்தடி இருக்கிறது. அதைக் கொடுக்கலாம், அல்லது அன்றைக்கு உரிப்பு வேலை கொடுக்கலாம். உரிக்கும் அலவாங்கு நடும் இடமும் சமநிலமாக இருக்க வேண்டும். வழுக்கும் பொச்சுக் குவியலின் நடுவே நின்று உரிப்பவரின் கால் எந்த நேரமும் ஆபத்தில்தான் இருக்கிறது.

உழவு இயந்திரப் பெட்டியில் தேங்காய்க்கு மேல் ஆட்களை ஏற்றுவதை எங்கள் தோட்டங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெட்டியின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இருப்பவரின் கணைக்கால்தான் மரத்திலோ வேலிக் கட்டையிலோ முதலில் அடிபடும். சாமான் ஏற்றும் பெட்டி மனிதரை ஏற்றுவதற்கல்ல.

முகமாலைப் பக்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். வருடக் கணக்காக முன்னரங்கு இருந்த இடம் அது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் வருடக்கணக்காக அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவு செய்திருக்கிறார்கள். துப்புரவு முடிந்தது என்று எழுத்தில் அறிவிக்காத காணிக்குள் தேங்காய் பொறுக்கவோ விறகு எடுக்கவோ யாரும் அனுப்பவும் கூடாது, போகவும் கூடாது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் வந்த வழியே திரும்புங்கள். மிதிவெடி கணைக்காலை முறிப்பதில்லை, எடுத்துக்கொண்டே போய்விடும்.

மலையகத்தில் கொழுந்து பறிக்கும் எங்கள் உறவுகளுக்கும் இந்தக் கணக்கு வேறில்லை. அங்கே பொச்சுக் கிடங்குக்குப் பதில் கான் இருக்கிறது, மணலுக்குப் பதில் உடைந்த படிக்கட்டும் வழுக்கும் சரிவும் இருக்கின்றன. முதுகில் கூடையோடு சறுக்கும் தாயின் பாதம் கல்லிடுக்கில் சிக்கினால் அதே முறுக்குத்தான், அதே எலும்புதான். பாதையும் படியும் திருத்துவது அங்கேயும் தோட்டத்தின் பொறுப்பு.

எங்கள் பங்கு

தோட்டத்தைக் குறை சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் விட்டால் இந்த எழுத்து நேர்மையாகாது.

முதலாவது சுருட்டும் பீடியும். யாழ்ப்பாணத்துப் புகையிலை எங்கள் பலரின் பிழைப்பு. அதை மறந்து பேசவில்லை. ஆனால் புகைப்பவரின் முறிந்த கணைக்கால் ஒட்டுவதற்கு மற்றவரைவிடக் கூடுதல் காலம் எடுக்கும், ஒட்டாமலே போகும் சாத்தியமும் அதிகம். புகை இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இந்த எலும்புக்கோ ஏற்கனவே இரத்த ஓட்டம் குறைவு. மாக்கட்டோடு படுத்திருப்பவருக்குப் பொழுது போக்கச் சுருட்டு வாங்கிக் கொடுப்பது அன்பு அல்ல. எங்கள் தோழருக்கும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மனைவி அன்றைக்கே சுருட்டுக்கட்டைப் பறித்து அடுப்பில் போட்டுவிட்டார்.

இரண்டாவது குடி. தோழர்களே, உடம்பு வலிக்கு ஒரு போத்தல் கள்ளு என்ற பழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. குடித்துவிட்டு ஏறுவதும், குடித்துவிட்டு ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவதும் காலை நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பது போன்றது. அதோடு, விபத்து நடந்தால் நட்டஈட்டை மறுக்க எதிர்த்தரப்பு முதலில் தேடும் சாட்டும் "குடித்திருந்தான்" என்பதுதான். அந்தச் சாட்டை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது பிள்ளைகள். துவிச்சக்கரவண்டியின் பின் கரியரில் சின்னப் பிள்ளையை இருத்திக்கொண்டு பாடசாலைக்கு வரும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன். நித்திரை தூங்கும் பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போனால் கணுக்காலும் கணைக்காலும் ஒன்றாக நசிந்துவிடும். பின் சில்லின் இரு பக்கமும் ஒரு வலையோ தகடோ கட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் கூடை ஒன்றை வெட்டினாலே போதும். இரண்டு மூன்று வயதுக் குழந்தை வெறும் முற்றத்தில் தடக்கி விழுந்தாலும் அந்த எலும்பு மெல்லியதாக வெடிக்கலாம். வீக்கம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பிள்ளை காலை நிலத்தில் ஊன்ற மறுக்கும். நடக்க மறுக்கும் பிள்ளைக்குச் செல்லம் என்று அடிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

நான்காவது தாய்மாரின் எலும்பு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலிகிறது. மெலிந்த எலும்புக்குக் கிடங்கும் தேவையில்லை, கிணற்றடியில் ஒரு வழுக்கல் போதும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் எலும்பில்தான் போய் நிற்கிறது. விலை உயர்ந்த மாப்பால் வாங்கச் சொல்லவில்லை. நெத்தலிக் கருவாடு முள்ளோடு, முருங்கையிலை, எள்ளு, குரக்கன்: இவை எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாய்க்கும் அதே அளவு கோப்பையில் விழ வேண்டும். வயதானவர்களை வெயிலே படாமல் அறைக்குள் வைத்திருக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும், தொய்வுக்கு நீண்டகாலம் ஸ்டெரொயிட் குளிசை எடுப்பவர்களும் கிளினிக்கில் எலும்பைப் பற்றியும் கேளுங்கள்.

முறிந்துவிட்டால்

எங்கள் தோழரை மூன்று பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி மோட்டார் சைக்கிளில் இருத்திக் கொண்டுபோயிருக்கிறார்கள். அன்பினால் செய்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் எலும்பு முனை தோலைக் கிழித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆகவே இதை வெட்டி எடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்தத் தோட்டம், எந்த வாசல் என்று தெளிவாகச் சொல்லி, வீதியில் ஒருவரை நிறுத்துங்கள்.

காலை நேராக்க இழுக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே இரண்டு பக்கமும் பனைமட்டையோ பலகையோ வைத்து, இடையில் சாரம் அல்லது சேலைத் துணியை மெத்தையாக வைத்து, முழங்காலுக்கு மேலும் பாதத்துக்குக் கீழும் வரும்படி கட்டுங்கள். முறிந்த இடத்துக்கு மேலேயே முடிச்சுப் போடாதீர்கள்.

எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். எண்ணெய், கோப்பித்தூள், மண் எதுவும் போடாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். இரத்தம் பாய்ந்தால் காயத்தின் ஓரத்தில் துணியை வைத்து அழுத்துங்கள். இப்படியான காயத்துக்கு ஏற்புத் தடுப்பூசியும் கிருமி கொல்லும் மருந்தும் எவ்வளவு விரைவாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

மரத்தால் விழுந்தவர் என்றால் தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி அம்புலன்ஸ் வரும் வரை அசையாமல் படுக்க விடுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சோறு தண்ணீர் கொடுக்காதீர்கள்.

முறிவு வைத்தியம் எங்கள் மண்ணின் பழைய கலை. அதை இழிவாகப் பேச நான் வரவில்லை. ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தோல் கிழிந்த முறிவையும், மூட்டுக்குள் போன முறிவையும், விலகி நிற்கும் முறிவையும் பத்துக் கட்டிச் சரிசெய்ய முடியாது. மாக்கட்டோ பத்தோ எதுவானாலும், கட்டிய பிறகு தாங்க முடியாதபடி வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டும்போது உயிர் போகும் வலி வந்தால், விரல் விறைத்து நீலமாகிக் குளிர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே அழுக்கம் கூடித் தசை சாகத் தொடங்கியிருக்கலாம். சில மணித்தியாலத் தாமதத்தில் காலையே எடுக்க வேண்டி வரும். நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள்.

சாதாரண முறிவு ஒட்ட மூன்று நான்கு மாதம் எடுக்கும். தோல் கிழிந்த முறிவு ஆறு மாதத்தையும் தாண்டலாம். அதுவரை அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிப்பது?

சட்டம் என்ன சொல்கிறது

வேலையின்போது விபத்துக்குள்ளானவருக்கு வேலைகொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. எங்கள் பாட்டன்மார் காலத்துச் சட்டம். 2022இல் அது திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்துகள் அதற்குள் கொண்டுவரப்பட்டன, நட்டஈட்டின் உச்ச எல்லையும் இருபது இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. விடிய ஐந்து மணிக்குச் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகும்போது லொறி தட்டினாலும் கேட்க வழி இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியது என்று எங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். அது சரியல்ல. தற்காலிகமாக, துண்டுக்கூலிக்கு, ஒப்பந்தத்துக்கு வேலை செய்பவரும் அதற்குள் வருவார். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, வேலைகொள்வோரிடமிருந்து நூற்றுக்கு 12. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைகொள்வோர் மட்டும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும்.

சட்டம் இருக்கிறது. அதன் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி "நீ யாரிடம் வேலை செய்தாய், அதற்கு என்ன அத்தாட்சி?" என்பதுதான். குத்தகைக்காரர் மூலம் பறிப்பு நடத்துவதன் வசதி இங்கேதான் இருக்கிறது. தேங்காய் தோட்டத்துக்குப் போகிறது, முறிந்த கால் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. எலும்பு முறிவதற்கான காரணங்களைப் பற்றி வைத்தியர் எழுதும் பட்டியலில் இடாப்பில் பெயர் இல்லாமை இருக்காது. எங்கள் பட்டியலில் அதுவே முதலாவது. முறிந்தால் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தெரிந்த தோட்டம் கிடங்கை மூடும். கட்டத் தேவையில்லை என்று தெரிந்த தோட்டம் மூடாது.

எங்கள் பனை சீவும் சகோதரர்களின் நிலை இன்னும் கடினம். பலருக்கு முதலாளி என்று ஒருவரே இல்லை. மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, கள்ளைப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றுகிறார்கள். அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் விபத்துக் காப்புறுதி ஒன்று ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. கடலுக்கு அப்பால் கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் "தென்னை மரத்தின் நண்பர்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஏறும் கருவியில் பயிற்சி கொடுத்தது. மரம் ஏறுபவர்களுக்கென்று விபத்துக் காப்புறுதியும் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளருக்கு நலவாரியம் இருக்கிறது. அதே பனை, அதே தென்னை. எங்களுக்கு ஏன் முடியாது?

நாங்கள் கேட்பது

தோட்டங்களிடம் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. பறிப்பவர், பொறுக்குபவர், உரிப்பவர் எவரானாலும், குத்தகைக்காரர் மூலம் வந்தவரானாலும், வேலை தொடங்கும் முன் பெயர் இடாப்பில் பதியப்பட வேண்டும். விபத்துப் பதிவுப் புத்தகம் ஒன்று தோட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். கிடங்குகள் அன்றே மூடப்பட வேண்டும், முடியாவிட்டால் அடையாளம் இட வேண்டும். மழையிலும் இருட்டிலும் ஏறச் சொல்லக் கூடாது, ஓய்வுக்கேற்ற மரக்கூலி தர வேண்டும். முதலுதவிப் பெட்டியும் தூக்குப் படுக்கையும் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பதும் உண்டு. ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் எந்தத் தோட்டம், யார் கூப்பிட்டது, எத்தனை மரம், எவ்வளவு காசு என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளைக்குத் தெரியும், வீட்டுப்பாடத்தோடு இதையும் செய்யட்டும். விபத்து நடந்தால் அன்றே இரண்டு சாட்சிகளின் பெயரை எழுதுங்கள். வைத்தியசாலையில் "எப்படி நடந்தது" என்று கேட்கும்போது "விழுந்திட்டன்" என்று மட்டும் சொல்லாமல், "இன்ன தோட்டத்தில் வேலை செய்யும்போது" என்று சொல்லி எழுதுவியுங்கள். துண்டுகள் ஒன்றையும் எறியாதீர்கள். பிறகு சங்கத்துக்கு வாருங்கள். நாள் கடத்தாதீர்கள், தாமதம் உரிமையைக் கரைத்துவிடும்.

எங்கள் தோழரின் விடயத்தைச் சங்கம் கையில் எடுத்திருக்கிறது. அவரோடு அன்று வேலை செய்த நான்கு பேர் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார்கள். அவர்களும் இடாப்பில் பெயர் இல்லாதவர்கள்தான். அடுத்த பறிப்புக்குக் கூப்பிடாமல் விடுவார்களோ என்ற பயம் இருந்தும் கையெழுத்து வைத்தார்கள். முடிவு எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. வரும்போது இந்தப் பக்கத்திலேயே எழுதுவோம்.

சங்கத் தோழர்கள் அரிசியும் சாமானும் சேர்த்து அந்த வீட்டில் கொடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்துவிட்டாள். பெயர் கூப்பிட்டபோது "வந்திருக்கிறேன், ரீச்சர்" என்றாள். அவளுடைய தகப்பனின் பெயரும் ஓர் இடாப்பில் கூப்பிடப்பட வேண்டும். அதற்குத்தான் சங்கம்.